91-வது நாளில்தான் பிறக்கிறதாம் குழந்தை!

டிஸ்கி: நான் பி.காம். மூன்றாம் வருஷம். டாக்டரும் இல்லை, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் இல்லை. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். குழந்தை தூங்கியதும் வந்து படித்துக்கொள்ளலாம். கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட.

*

மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். யாரும் இல்லையா? பரவாயில்லை, விற்றவரே படித்திருக்க மாட்டார். எனக்கு அசைன்மென்ட் என்பதால் படித்தேன்.

நான் எடுத்துக்கொண்டது 'ஆரோக்ய சஞ்சீவனி'. எல்லா கம்பெனிகளும் ஒரே மாதிரி ஷரத்துகளோடு விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2020 ஏப்ரலில் கொண்டுவந்த பாலிசி. சாதாரண ஜனங்களுக்கும் புரிய வேண்டும், கட்டுப்படியாக வேண்டும் என்று சொல்லித்தான் வந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லில் இருந்தாலும் கம்பெனி பணம் தராத 68 அயிட்டங்கள். அந்தப் பட்டியலில் முதல் அயிட்டம் என்ன தெரியுமா?

குழந்தை உணவு.

இரண்டாவது, குழந்தைக்கான இதர சாமான்கள். மூன்றாவது, பியூட்டி பார்லர் வகையறா. அப்புறம் காது குடைகிற பட்ஸ், கேரி பேக், லாண்டரி, மினரல் வாட்டர், டெலிபோன் பில் என்று போகிறது.

ஆங்கில எழுத்து வரிசையில் போட்டதால் 'பேபி' முதலில் வந்துவிட்டது, உள்குத்து எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு குழந்தைக்குச் சாப்பாடே மருந்தாக இருக்கும் நோய் ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தையின் மருந்தை ஃபேஷியலோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நான் சொல்ல வருவது இதுதான்: கைக்குழந்தைக்கு அலர்ஜி வந்தால், நம் ஊரில் இன்சூரன்ஸ் எடுத்த வீடும் எடுக்காத வீடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது தற்செயலாக நடக்கவில்லை. திட்டங்களையும் பாலிசிகளையும் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றியும் எழுதலாம்.

*

முதலில் நோயைப் பார்ப்போம்

கைக்குழந்தைகளுக்கு வரும் உணவு அலர்ஜிகளில் முக்கியமானது பசும்பால் புரத ஒவ்வாமை. இதில் இரண்டு வகை.

ஒன்று உடனே காட்டும் வகை. பால் உள்ளே போன சில நிமிஷங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு. மோசமானால் மூச்சே நின்றுவிடலாம். அப்படி ஏதாவது என்றால் யோசிக்க நேரம் இல்லை, 108-க்குப் போன் போட வேண்டியதுதான். அதற்கான மருந்து அட்ரினலின் ஊசி, தொடைத் தசையில் போடுவது. விலை குறைந்த பழைய மருந்து.

இன்னொன்று மெதுவாகக் காட்டும் வகை. சில மணி நேரத்திலிருந்து சில நாட்கள் கழித்து மலத்தில் சளி, ரத்தக் கீற்று, தீராத அழுகை, தோலில் கரப்பான். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும் இது வரும். அம்மா குடிக்கும் பாலிலுள்ள புரதத்தில் துளி அளவு தாய்ப்பால் வழியாகப் போகிறது, சில குழந்தைகளுக்கு அதுவே போதும்.

இதில் நம் ஊரில் நடக்கும் குழப்படிகள் தனி. மலத்தில் ரத்தம் என்றால் சூட்டு வயிறு என்பார்கள். ராத்திரி முழுக்க அழுதால் உரம் விழுந்திருக்கிறது என்று துணியில் போட்டு உருட்டுவார்கள். குடல் தட்டுகிற பாட்டியிடம் தூக்கிப் போவார்கள். வசம்பைச் சுட்டு உரசுவார்கள். தெருவில் கழுதைப் பால் வந்தால் ஒரு சங்கு வாங்கிக் காய்ச்சாமல் ஊற்றுவார்கள். படித்தவர்கள் வேறு மாதிரி. 'லாக்டோஸ் சேரவில்லை' என்பார்கள். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை, அலர்ஜி வருவது பாலில் உள்ள புரதத்தால். பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத குழந்தை மிக மிக அபூர்வம். ஆனாலும் லாக்டோஸ் நீக்கிய பவுடரை வாங்கி ஊற்றுவார்கள். வழக்கமான அந்தப் பவுடரில் சர்க்கரை போயிருக்கும், பால் புரதம் அப்படியே இருக்கும். 'அப்போ ஆட்டுப் பால் கொடு, எருமைப் பால் கொடு' என்று அடுத்த யோசனை வரும். அந்தப் புரதங்களும் பசும்பால் புரதத்துக்குச் சொந்தக்காரங்கதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் சேராது.

மெதுவாகக் காட்டும் வகையைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் இல்லை. அம்மா இரண்டு முதல் நான்கு வாரம் பாலையும் பால் பொருட்களையும் நிறுத்த வேண்டும். குழந்தை தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும், தொந்தரவு திரும்பி வந்தால் உறுதி. டாக்டர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. மலத்தில் ரத்தம் வர ஆசனவாய் வெடிப்பு, கிருமித் தொற்று என்று வேறு காரணங்களும் உண்டு என்பதால் முதலில் அவர்தான் பார்க்க வேண்டும்.

கவனியுங்கள். இந்த மொத்த வைத்தியத்திலும் படுக்கை இல்லை, ஆபரேஷன் இல்லை, 24 மணி நேர அட்மிஷன் இல்லை. டாக்டரைப் பார்ப்பது, சாப்பாட்டை மாற்றுவது, திரும்பப் போய்ப் பார்ப்பது, அவ்வளவுதான். இன்சூரன்ஸ்காரர்கள் பாஷையில் இதற்கு ஒரே பெயர்: ஓ.பி. அந்த வார்த்தையைக் கேட்டதும் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்.

*

எங்கள் வீட்டு லெட்ஜர்

என் அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். பாப்பாவுக்கு இரண்டு மாதம் ஆகும்போது மலத்தில் ரத்தக் கீற்று. மாமாவுக்கு ஒரு மொபைல் கடையில் வேலை, மாதம் 17,000. ஐந்து வாரம் ஓடினோம். காமர்ஸ் பையன் என்பதால் கணக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. பற்றுப் பக்கம் மட்டும் தருகிறேன், வரவுப் பக்கம் என்று ஒன்று இல்லை.

முதல் டாக்டர், மூன்று தடவை: 1,200
இரண்டாவது டாக்டர்: 600
மலப் பரிசோதனை: 350
சொட்டு மருந்துகள்: 700
லாக்டோஸ் இல்லாத பவுடர், 2 டப்பா: 1,300
ரத்தத்தில் 'அலர்ஜி பேனல்': 5,500
ஸ்பெஷல் பவுடர், 2 டப்பா: 4,200
ஆட்டோ: 1,080
மொத்தம்: 14,930 ரூபாய்.

அந்த அலர்ஜி பேனல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோதுமை, இறால், முட்டை, வேர்க்கடலை, கரப்பான் பூச்சி, வீட்டுத் தூசி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இரண்டு மாதக் குழந்தை எப்போது சார் இறால் சாப்பிட்டது? மெதுவாகக் காட்டும் வகையை இந்த ரத்தப் பரிசோதனையால் பிடிக்க முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரிசல்ட் 'ஒன்றுமில்லை' என்று வந்தது. குழந்தைக்கு ரத்தம் நிற்கவில்லை. இரண்டாவது டாக்டர் தாய்ப்பாலையே நிறுத்திவிட்டு ஸ்பெஷல் பவுடருக்கு மாறச் சொன்னார்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டார். "தாய்ப்பாலை ஏம்மா நிறுத்துறீங்க? நீங்க பால், தயிர், மோர், நெய், பால் பவுடர் போட்ட பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்துங்க. கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை, சின்ன மீன் நல்லா சாப்பிடுங்க. கால்சியம் மாத்திரை தர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார். ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை, பஸ்ஸுக்கு 40 ரூபாய். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. பத்தியம் என்ற பெயரில் எங்கள் அப்பத்தா அக்காவுக்கு ஊரில் உள்ள காய்கறி பூராவையும் தடை செய்திருந்தார். அனுமதி இருந்தது ஒன்றுக்குத்தான். பால் சுரக்கப் பால் குடிக்க வேண்டுமாம். ஒரு நாளைக்கு நாலு டம்ளர்!

*

கதவுகள் வரிசையாக மூடும் காட்சி

'அதான் கவர்ன்மென்ட் இன்சூரன்ஸ் இருக்கே' என்று ஒரு நண்பன் கேட்டான். வாங்க பாஸ், ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்போம்.

கதவு 1: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் பெயர் மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். நல்ல திட்டம், இதய ஆபரேஷன் செய்து பிழைத்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் ஆண்டு வருமான வரம்பை 72,000-லிருந்து 1,20,000-ஆக உயர்த்திய பிறகும் மாமாவின் 2,04,000 அதற்கு மேலே. உள்ளே இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை, அது அட்மிஷன் ஆகும் வைத்தியத்துக்கான திட்டம்.

கதவு 2: இ.எஸ்.ஐ. நம் நாட்டில் ஓ.பி.யையும் சேர்த்து, குடும்பத்தையும் சேர்த்து, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே வைத்தியம் தரும் ஒரு இன்சூரன்ஸ் உண்டு என்றால் அது இதுதான். 2019 ஜூலையில் சந்தாவைக் குறைத்தபோது முதலாளி பங்கு 3.25%, தொழிலாளி பங்கு 0.75% என்று ஆனது. 17,000 சம்பளத்தில் மாமா பங்கு மாதம் சுமார் 128 ரூபாய். 2017-ல் சம்பள வரம்பை 21,000 ஆக்கினார்கள் என்பதால் சம்பளமும் தடையில்லை. தடை எது? பத்து பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். மாமா கடையில் ஆறு பேர். ஆக, பாப்பாவுக்கு வைத்தியம் உண்டா இல்லையா என்பதை அந்தக் கடையில் இன்னும் நாலு பேர் இல்லாதது தீர்மானிக்கிறது.

கதவு 3: தனியார் பாலிசி. இங்கேதான் தலைப்புச் செய்தி. ஆரோக்ய சஞ்சீவனியில் குழந்தையைச் சேர்க்கக் குறைந்தபட்ச வயது மூன்று மாதம். சந்தையில் உள்ள பெரும்பாலான பாலிசிகளிலும் 91-வது நாளிலிருந்துதான் குழந்தை. அதற்கு முன் அது கம்பெனி கணக்கில் பிறக்கவே இல்லை! பிரசவத்தோடு சேர்த்துக் குழந்தைக்கும் தரும் பாலிசிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் கல்யாணமான கையோடு பாலிசி எடுத்துவிட்டு, காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, 91-வது நாள் விடிந்துவிட்டது. குழந்தையைச் சேர்த்தாயிற்று. இப்போது ஷரத்துகளைப் பாருங்கள்.

விலக்கு எண் 04: நோய் என்னவென்று கண்டுபிடிப்பதற்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது. அலர்ஜியில் பாதி வேலையே கண்டுபிடிப்பதுதான்.

விலக்கு எண் 14: சீட்டு இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய சத்துணவு வகைகளுக்குப் பணம் கிடையாது, அட்மிஷனின் பகுதியாக டாக்டர் எழுதினால் ஒழிய. வீட்டில் வைத்துக் கொடுக்கும் ஸ்பெஷல் பவுடர் அவுட்.

முதல் பட்டியல், முதல் அயிட்டம்: அட்மிட் ஆகியிருந்தாலும் குழந்தை உணவு அவுட். வேண்டுமானால் அதற்குத் தனி ரைடர், தனி பிரீமியம்.

இதையெல்லாம் தாண்டினால் இருக்கிறது கிளைமாக்ஸ். பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம். 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதன் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. வரவேற்கிறோம். இப்போது ஒரு சின்னக் கணக்கு. இரண்டாவது மாதத்தில் அலர்ஜி என்று டாக்டர் சீட்டில் எழுதியாகிவிட்டது. மூன்று மாதம் முடிந்து பாலிசியில் சேருகிறது. முழுசாக 36 மாதம் காக்க வேண்டும் என்றால் மூன்று வயது மூன்று மாதத்தில் கவரேஜ் ஆரம்பம். பால் ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் தானாகவே போய்விடும். ரத்தக் கீற்று மட்டும் வரும் வகை பெரும்பாலும் ஒரு வயதுக்குள்ளேயே போய்விடும்.

அதாவது நோய் கிளம்பிப் போன பிறகு இன்சூரன்ஸ் வந்து காலிங் பெல் அடிக்கும்.

இது எங்கள் வீட்டு ஒப்பாரி மட்டும் இல்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-வது சுற்றில் (2017-18) கிராமங்களில் சுமார் 86%, நகரங்களில் சுமார் 81% பேருக்கு எந்த மருத்துவச் செலவுக் காப்பும் இல்லை என்று வந்தது. 2021 அக்டோபரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, ஏழைகளுக்கான திட்டத்திலும் வராத, சொந்தமாகப் பாலிசி எடுக்கவும் வழியில்லாத நடுவாந்திர மக்கள் குறைந்தது 30%, சுமார் 40 கோடிப் பேர் என்றது. மாமா கடையில் வேலை பார்க்கும் ஆறு பேரும் அந்த 40 கோடியில் அடக்கம்.

*

வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதில்கள்

என் வகுப்புத் தோழர்கள் இப்போதே பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பிறந்த குழந்தைக்கு முதல் மூன்று மாதம் ரிஸ்க் அதிகம், அதனால்தான் எடுப்பதில்லை."

ரிஸ்க் அதிகம் என்பதால்தானே அய்யா இன்சூரன்ஸ் கேட்கிறோம்! ரிஸ்க் இல்லாத இடத்தில் மட்டும் குடை விரிப்பேன் என்றால் அது என்ன குடை? தவிர, முடியாது என்பதும் பொய். பெரிய ஆபீஸ்களுக்கு விற்கும் குரூப் பாலிசிகளில் பல, குழந்தையை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்கின்றன. கம்பெனி ஒன்றுதான், குழந்தைகளும் ஒரே மாதிரிதான். அப்பா ஐ.டி. பார்க்கில் வேலை செய்தால் குழந்தை பிறந்த அன்றைக்கே பிறக்கிறது, மொபைல் கடையில் வேலை செய்தால் 91-வது நாளில் பிறக்கிறது.

"நோய் வந்ததும் பாலிசி எடுக்க ஓடி வருவார்கள். அட்வர்ஸ் செலக்‌ஷன்."

பெரியவர்களுக்குச் சரி. பிறந்து அறுபது நாள் ஆன குழந்தை எந்த நோயை மறைத்துக்கொண்டு வந்து கம்பெனியை ஏமாற்றப் போகிறது? அப்பா அம்மா ஏற்கெனவே பாலிசியில் இருந்தால், பிறந்த நாளிலிருந்தே குழந்தையும் தானாக உள்ளே என்று எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது. எல்லோருடைய குழந்தையும் வரும், நோயுள்ள குழந்தை மட்டும் பொறுக்கி வராது.

"ஓ.பி. செலவு சின்னச் செலவு. காப்பீடு பெரிய நஷ்டத்துக்கு மட்டும்தான்."

சின்னச் செலவா? 17,000 சம்பளத்தில் 14,930! அதுவும் தாய்ப்பால் இருக்கும் வீட்டில். தாய்ப்பாலுக்கு வழியில்லாத குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஆறு கிலோ குழந்தை ஒரு நாளைக்கு 900 மில்லி குடித்தால் சுமார் 125 கிராம் பவுடர். 400 கிராம் டப்பா மூன்று நாள் வரும், மாதம் பத்து டப்பா. டப்பா 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 20,000. எட்டு மாதத்துக்கு 1,60,000. ஏழைத் தாய்மார்களுக்கு அரசு தரும் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி மொத்தமே 18,000. ஒரு மாத டப்பாவுக்குக்கூட அது காணாது.

இன்சூரன்ஸ் கணக்கையும் நானே போட்டுத் தருகிறேன். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த யூரோப்ரிவால் ஆய்வு 2015-ல் வெளியானது. பால் கொடுத்துப் பார்த்து உறுதி செய்யப்பட்ட பால் ஒவ்வாமை 0.54% குழந்தைகளுக்குத்தான். நம் ஊருக்குத் தாராளமாக இரண்டு மடங்கு, 1% என்றே வைப்போம். அத்தனை பேருக்கும் எட்டு மாதம் டப்பா வாங்கித் தந்தாலும் ஒரு குழந்தைக்குச் சுத்த பிரீமியம் 1,600 ரூபாய். ஒரே ஒரு தடவை. நிறைய குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே போதும் என்பதால் நிஜத்தில் இன்னும் குறையும். எப்போதாவது, யாருக்காவது, ஆனால் வந்தால் அந்த வீட்டையே சாய்க்கும் செலவு. காப்பீட்டுக்குப் பாடப் புத்தகம் தரும் இலக்கணமே இதுதானே?

"இலவசமாகத் தந்தால் எல்லோரும் கேட்பார்கள். மாரல் ஹசார்ட்."

இதை மட்டும் நான் சும்மா தள்ளிவிட மாட்டேன், இதில் பாதி உண்மை. ஆனால் பழியை ஆள் மாற்றிப் போடுகிறார்கள்.

*

பாதி உண்மைக்கு முழு பதில்

இங்கிலாந்தில் டாக்டர் சீட்டு எழுதினால் இந்த ஸ்பெஷல் பவுடர் குழந்தைக்கு இலவசம். நல்ல விஷயம். ஆனால் 2018 டிசம்பரில் பி.எம்.ஜே. இதழில் டாக்டர் கிறிஸ் வான் துல்லிகன் ஒரு கட்டுரை எழுதினார். 2006-லிருந்து 2016-க்குள் இங்கிலாந்தில் இந்தப் பவுடர்களுக்கான சீட்டுகள் சுமார் 1,05,000-லிருந்து 6,00,000-க்கு மேல் போய்விட்டன. அரசின் செலவு 81 லட்சம் பவுண்டிலிருந்து 6 கோடி பவுண்டுக்கு மேல். குழந்தைகளுக்குத் திடீரென்று அவ்வளவு அலர்ஜி பெருகியதற்கு ஆதாரம் இல்லை. நோயைக் கண்டறியும் வழிகாட்டுதல்களை எழுதிய நிபுணர்கள் பலருக்குப் பவுடர் கம்பெனிகளோடு பணத் தொடர்பு இருந்ததை அந்தக் கட்டுரை எடுத்துப் போட்டது.

யாருடைய ஒழுக்கம் இங்கே ஹசார்ட்? நடு ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அம்மாவுடையதா, டப்பா விற்பவனுடையதா?

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட தாய்ப்பால் மாற்று உணவுச் சட்டம். இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது, டாக்டர்களுக்குப் பரிசோ ஸ்பான்சரோ கூடாது. காகிதத்தில் உலகத்தின் கறாரான சட்டங்களில் ஒன்று. அமலில் எப்படி என்று நீங்களே ஒரு மருந்துக் கடைக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே 'இலவசமாகக் கொடு' என்று மட்டும் கேட்டால் பவுடர் கம்பெனிதான் கொழுக்கும். 'கொடுக்காதே' என்றால் மாமா மாதிரி ஆட்கள் கடன் வாங்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எங்கள் பாப்பாவைக் குணமாக்கியது அந்த வழிதான்: கமிஷன் வாங்காத ஒரு டாக்டர் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்பது. அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காசு கொடுக்க நம் நாட்டில் பெரும்பாலான பாலிசிகள் தயாராக இல்லை. அட்மிட் பண்ணி 40,000-க்கு பில் போட்டால் மட்டும் பேசத் தயார்.

*

என்ன கேட்க வேண்டும்?

வெறுமனே திட்டிவிட்டுப் போனால் மொக்கைப் பதிவு ஆகிவிடும். ஐந்தே கோரிக்கைகள்.

ஒன்று. குழந்தை பிறந்த நாளில் பிறந்ததாக ஒப்புக்கொள்ளுங்கள். பெற்றோர் பாலிசியில் இருந்தால் குழந்தையும் முதல் நாளிலிருந்து உள்ளே, முன்பே இருந்த நோய் என்ற பேச்சு இல்லாமல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18% ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் கிடைக்காத பொருளுக்கு வரி இல்லை என்பதால் குழந்தைக்கு என்ன லாபம்?

இரண்டு. முதல் ஒரு வருஷத்துக்கு மட்டுமாவது ஓ.பி. செலவு கட்டாயம் பாலிசியில் இருக்க வேண்டும். கைக்குழந்தையின் நோய்களில் பெரும்பாலானவை ஓ.பி.யில் தீர்கிறவை.

மூன்று. டாக்டர் உறுதி செய்த ஒவ்வாமைக்கான ஸ்பெஷல் உணவை மருந்து என்று அறிவித்து, அந்த 68 பட்டியலிலிருந்து எடுங்கள். உறுதி செய்வது என்றால் நிறுத்தி, திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. 5,500 ரூபாய் பேனல் இல்லை.

நான்கு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-லிருந்து இருக்கிறது. மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையை அடிப்பதில் மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. தாய்ப்பாலுக்கு வழியில்லாத ஒவ்வாமைக் குழந்தைகளுக்கு மட்டும் அந்தப் பவுடரை அதே வழியில் வாங்கி, அரசு ஆஸ்பத்திரி குழந்தை டாக்டரின் சீட்டுக்குக் கொடுக்க முடியாதா? பிராண்ட் பெயர் இல்லாத வெள்ளை டப்பாவில் கொடுங்கள், கம்பெனிக்கு விளம்பரமும் ஆகாது. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தாத்தாவுக்கு வருவது பேத்திக்கு வரக்கூடாதா?

ஐந்து. இ.எஸ்.ஐ.க்கு அந்தப் பத்துப் பேர் கணக்கு எதற்கு? ஆறு பேர் கடையில் வேலை பார்ப்பவனுக்கும் குழந்தை பிறக்கும். 128 ரூபாய் கட்ட அவன் தயார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இந்த ஐந்தில் எதுவும் புரட்சி இல்லை. முதலாவதை குரூப் பாலிசிகள் செய்துகொண்டிருக்கின்றன. இரண்டாவதை இ.எஸ்.ஐ. செய்கிறது. மூன்றாவதை இங்கிலாந்து செய்கிறது, அவர்கள் செய்த தப்பைத் தவிர்த்துக்கொண்டால் போதும். நான்காவதைச் செய்ய ஆபீஸும் லாரியும் தயாராக இருக்கின்றன. ஐந்தாவது ஒரு சட்டத்தில் ஒரு எண்ணை மாற்றும் வேலை.

வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேர் இன்னும் இரண்டு வருஷத்தில் ஏதாவது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருப்போம். கிளெய்ம் டேபிளில் உட்கார நேர்ந்தால், 'விலக்கு எண் 14' என்று டைப் அடிக்கும் முன் அந்த ஃபைலில் குழந்தையின் வயதை ஒரு தடவை பாருங்கள். ஷரத்தை மீறச் சொல்லவில்லை. பிராடக்ட் மீட்டிங்கில் யாராவது கருத்து கேட்டால், இந்த ஷரத்து தப்பு என்று எழுந்து சொல்லுங்கள். அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய மாட்டார்கள்.

பி.கு. 1: வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள், ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தால் 'இதில் என்ன தெரியும், ரிசல்ட்டால் வைத்தியம் மாறுமா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பி.கு. 2: பத்தியம் வைக்கும் பாட்டிகளிடம் சண்டை போடாதீர்கள். கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை என்று நீங்களே லிஸ்ட் கொடுத்துவிடுங்கள். 'அந்தக் காலத்துச் சாப்பாடு' என்று சொன்னால் தாராளமாக ஒத்துக்கொள்வார்கள் :-)